ஹாலோவீன் காம்பிட்: நாலாவது மூவ்லயே குதிரையைத் தூக்கிக் கொடுக்கறது பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

ஹாலோவீன் காம்பிட்ங்கற இந்த செஸ் ஓப்பனிங்கை (ஓப்பனிங்னா ஆட்டத்தோட ஆரம்ப மூவ் வரிசை, காம்பிட்னா ஆரம்பத்துலயே காயைக் கொடுத்து ஆடறது) நான் ஆடறதைப் பார்த்தவங்க, என்கிட்ட அடி வாங்கினவங்க, என்னைப் போட்டுப் புரட்டி எடுத்தவங்க, எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிச்சதுதான் மிச்சம், அதனால மொத்தமா ஒரே இடத்துல எழுதிட்டேன். கட்டத்தோட பேரெல்லாம் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச்னு போட்டிருக்கேன். மந்திரின்னா பிஷப், யானைன்னா ரூக். காய் பேர் இல்லாம கட்டம் மட்டும் இருந்தா அது சிப்பாய் மூவ், பக்கத்துல ! இருந்தா நல்ல மூவ். பக்கத்துல ஒரு போர்டு வச்சுக்கிட்டு படிங்க, வெறும் கண்ணால படிச்சா பாதி புரியாது.

முதல்ல இது என்னன்னு சொல்லுங்க, மூவ் வரிசை தெரியல

1. இ4 இ5. 2. குதிரை எஃப்3, குதிரை சி6. 3. குதிரை சி3, குதிரை எஃப்6. இது வரைக்கும் நாலு குதிரை ஆட்டம், செஸ்லயே ரொம்ப சாதுவான ஓப்பனிங்ல ஒண்ணு, ரெண்டு பேரும் கொட்டாவி விட்டுக்கிட்டே ஆடலாம். இப்ப 4வது மூவ்ல வெள்ளை எஃப்3 குதிரையால இ5 சிப்பாயை வெட்டும். அந்த சிப்பாய்க்கு சி6 குதிரை காவல் இருக்கு, அது வந்து நம்ம குதிரையை வெட்டும். உடனே 5. டி4.

அவ்வளவுதான். ஒரு குதிரை போச்சு, ஒரு சிப்பாய் வந்துச்சு. கணக்குப்படி குதிரைக்கு மூணு சிப்பாய் மதிப்பு, அப்போ ரெண்டு சிப்பாய் கடன்லதான் ஆட்டத்தையே ஆரம்பிக்கறோம்.

குதிரையைக் கொடுத்துட்டு பதிலுக்கு என்னதான் கிடைக்குது?

சென்டரும் நேரமும். டி4, இ5னு சிப்பாய்களைத் தள்ளத் தள்ள கறுப்போட ரெண்டு குதிரையும் துரத்தப்பட்டு ஓடும், ஒவ்வொரு தடவை ஓடும்போதும் நமக்கு ஒரு மூவ் இனாமா கிடைச்ச மாதிரி.

இதோட வேர் எங்க இருக்குன்னு தெரிஞ்சா நல்லா புரியும். 3வது மூவ்ல கறுப்பு குதிரைக்குப் பதிலா மந்திரியை சி5ல வச்சிருந்தா, அப்பவும் வெள்ளை இதே மாதிரி இ5ல வெட்டலாம், ஆனா அது தியாகமே இல்ல, ஏன்னா குதிரை வெட்டினதும் டி4 போட்டா சிப்பாய் ஒரே நேரத்துல சி5 மந்திரியையும் இ5 குதிரையையும் அடிக்கும், ஏதாவது ஒண்ணு கண்டிப்பா திரும்ப வந்துரும். அது பழைய, நியாயமான, எல்லாரும் ஒத்துக்கற தந்திரம். ஹாலோவீன்ல சி5ல மந்திரியே கிடையாது, அடிக்க ஒத்தை குதிரைதான் இருக்கு, இருந்தாலும் அதே மூவை ஆடறோம். நல்ல தந்திரத்தை தப்பான இடத்துல வச்சு ஆடறதுன்னே சொல்லலாம்.

ஹாலோவீன்னு ஏன் பேரு?

பேய் முகமூடி போட்டு திடீர்னு முன்னாடி குதிச்சா எப்படி தூக்கிவாரிப் போடுமோ, சாதுவான ஆட்டத்துக்கு மனசைத் தயார் பண்ணிட்டு உக்காந்தவனுக்கு இந்த வெட்டைப் பார்த்ததும் அப்படி இருக்கும்ங்கறதுக்காக 1990கள்ல ஒரு ஜெர்மன் ஆட்டக்காரர் வச்ச பேர் இது. ஓப்பனிங் அதைவிட ரொம்பப் பழசு. லைப்சிக் நகரத்து அமெச்சூர்கள் இதை ஆடறதா 1888லயே ஓஸ்கர் கோர்டல் எழுதி வச்சிருக்காரு, அதனால லைப்சிக் காம்பிட்னும் ஒரு பேர் உண்டு.

இது தப்பான ஓப்பனிங்னு சொல்றாங்களே, நிஜமாவே தப்பா இல்ல சும்மா சொல்றாங்களா

நிஜமாவே தப்புதான். இதுல வளவளன்னு பேச ஒண்ணும் இல்ல. கறுப்பு சரியா ஆடினா கறுப்புதான் மேல, எந்த இன்ஜின்ல (செஸ் ஆடற கம்ப்யூட்டர் புரோகிராம்) போட்டாலும் அதையேதான் சொல்லும். சில பேர் "இது ஒண்ணும் அவ்வளவு மோசம் இல்ல, கொடுத்த காய்க்கு ஈடு, காம்பன்சேஷன் இருக்கு"ன்னு சமாளிப்பாங்க, நானும் ஒரு காலத்துல அப்படித்தான் வாதம் பண்ணிக்கிட்டு இருந்தேன், இப்ப விட்டுட்டேன். தப்புன்னு தெரிஞ்சே ஆடறவனுக்கு எந்த இடத்துல தப்புன்னும் தெரியும். தெரியாம ஆடறவன்தான் ஒவ்வொரு தோல்வியையும் துரதிர்ஷ்டத்து மேல போடுவான்.

தெரிஞ்சே ஏன் ஆடறீங்க அப்போ? லூசா நீங்க

ஆமா கொஞ்சம். ஆனா யோசிச்சுப் பாருங்க, நம்ம லெவல்ல ஆட்டம் முடிவாகறது ரெண்டு சிப்பாய் கணக்குல இல்ல, யாரு முதல்ல ராணியைக் கோட்டை விடறாங்கங்கறதுலதான். எதிராளி முதல் மூணு மூவை ஒவ்வொரு செகண்ட்ல ஆடிட்டு வர்றான், நாலாவது மூவ்ல குதிரை விழுந்ததும் அப்படியே நிக்கறான். மவுஸ் தவறி விழுந்துருச்சோன்னு நினைக்கிறான். வெட்டறான். டி4 வருது. இப்பத்தான் யோசிக்கவே ஆரம்பிக்கறான், ஏற்கனவே அவன் கடிகாரம் ஓட ஆரம்பிச்சாச்சு. அந்த முப்பது செகண்டுக்காகத்தான் நான் ஆடறேன், ஜெயிக்கறதெல்லாம் ரெண்டாம்பட்சம்.

இன்னொண்ணு, மத்தவங்க பதினஞ்சு மூவ் மனப்பாடம் பண்ணிட்டு வர்ற ஓப்பனிங்ல நான் போய் மாட்டிக்கறதுக்கு, நான் நூறு தடவை ஆடிப் பழகின குழப்பத்துக்குள்ள அவங்களை இழுத்துக்கறது மேல்.

5. டி4க்கு அப்புறம் கறுப்பு குதிரையை சி6க்கே திருப்பிக்கிட்டா?

நிறைய பேர் பதட்டத்துல இதைத்தான் ஆடுவாங்க, வந்த வழியே திரும்பிப் போறதுதானே மனுஷ இயல்பு. 6. டி5, குதிரையை மறுபடி துரத்தறோம். அது பி8க்கே போனா 7. இ5, இப்ப எஃப்6 குதிரையையும் துரத்தறோம், அதுவும் ஜி8க்கே போகும். 8. டி6!, கறுப்பு சி சிப்பாயால வெட்டும். 9. இ சிப்பாயால டி6ல திரும்ப வெட்டறோம்.

இங்க கொஞ்சம் நிறுத்தி போர்டைப் பாருங்க. கறுப்பு முழுசா எட்டு மூவ் ஆடியாச்சு. யானை ரெண்டும், குதிரை ரெண்டும், மந்திரி ரெண்டும், ராணியும் ராஜாவும் ஆரம்பிச்ச கட்டத்துலயே அசையாம உக்காந்திருக்கு! ரெண்டு சிப்பாய் மட்டும் காணோம். டி6ல நம்ம சிப்பாய் ஆப்பு மாதிரி இறங்கி டி7 சிப்பாயை அடைச்சிருக்கு, அதனால சி8 மந்திரி சுலபமா வெளிய வர முடியாது. எஃப்8 மந்திரி கோவத்துல டி6 சிப்பாயை வெட்டினா நம்ம ராணி அதை வெட்டிரும், கொடுத்த காய் வசூல் ஆயிருச்சு. காய் கணக்குல இப்பவும் கறுப்புதான் மேல, ஆனா அந்தப் பக்கம் உக்காந்து ஆட எனக்கு ஆசையே வராது.

6. டி5க்கு குதிரை பி8க்குப் போகாம இ5க்குக் குதிச்சா 7. எஃப்4, அது ஜி6, 8. இ5, மத்தது ஜி8, மறுபடி 9. டி6. கதை அதேதான்.

5. டி4க்கு அப்புறம் அந்தக் குதிரை ஜி6க்குப் போனா?

இதுதான் கறுப்புக்கு நல்லது. 6. இ5, எஃப்6 குதிரை ஜி8க்குப் போகும். 7. மந்திரி சி4. அடுத்து ராணியை எஃப்3ல வச்சு எஃப்7ல மேட் மிரட்டறது பிளான், சின்னப்பசங்க ஆடற மேட்தான், ஆனா கறுப்பு காயெல்லாம் வீட்டுலயே இருக்கறதால இங்க பல் முளைச்சிருது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆட்டம் ஒண்ணு பத்தே மூவ்ல முடிஞ்சது. கறுப்பு 7வது மூவ்ல சி6னு சிப்பாயைத் தள்ளி டி5க்கு அடி போட்டாரு. 8. ராணி எஃப்3. எஃப்7ஐ காப்பாத்தணும்னு குதிரையை ஹெச்6ல வச்சாரு, பார்க்க ரொம்ப சரியான மூவ் மாதிரிதான் இருக்கும். டி சிப்பாய் போனதால சி1 மந்திரிக்கு ஹெச்6 வரைக்கும் ரோடு காலியா இருக்கறதை அவர் கவனிக்கல. 9. மந்திரி ஹெச்6ல வெட்டு. அவர் ஜி சிப்பாயால திருப்பி வெட்டினாரு, 10. ராணி எஃப்7, மேட். அவர் "என்ன நடந்துச்சு"ன்னு மட்டும் சாட்ல கேட்டுட்டு போயிட்டாரு.

சரி, கறுப்புக்கு சரியான பதில் எது? அது தெரிஞ்சவன் வந்தா நான் காலியா?

மேல சொன்ன அதே பொசிஷன்ல 7வது மூவ், டி5! இந்த ஒரு மூவ்தான் மருந்து. சிப்பாயைத் திருப்பிக் கொடுத்து மந்திரியோட மூக்குலயே குத்தறது. 8. மந்திரி டி5ல வெட்டினா சி6, 9. மந்திரி பி3க்குப் பின்வாங்கணும், கறுப்பு தன்னோட மந்திரியை இ6ல கொண்டு வந்து எதிர்ல நிறுத்தும். எஃப்7ல வச்சிருந்த கண்ணு போச்சு. ஒரு குதிரைக்கு ரெண்டு சிப்பாய், கறுப்பு காயெல்லாம் மெல்ல வெளிய வந்துரும்.

காலியான்னு கேட்டா, உடனே இல்ல. டி4, இ5 சிப்பாய்ங்க இன்னும் நிக்குது, டெவலப்மென்ட்ல, அதாவது காய்களை வெளிய கொண்டு வர்றதுல, நாம கொஞ்சம் முன்னாடி. அந்த இடத்துல ஆத்திரப்பட்டு பி3க்குப் போறதுக்குப் பதிலா மந்திரியால எஃப்7ல செக் வெட்டி இன்னொரு காயையும் கொடுத்துட்டு ராணியால செக் கொடுக்கலாம்னு தோணும், நானும் ட்ரை பண்ணிருக்கேன், ராஜா சத்தமில்லாம இ8க்குத் திரும்பிப் போயிரும், நம்ம கையில ஒண்ணுமே இருக்காது. வேண்டாம். காஸ்லிங் பண்ணுங்க, எஃப்4 தள்ளுங்க, பொறுமையா ஆடுங்க.

இன்னொரு மருந்தும் இருக்கு. 5வது மூவ்ல குதிரை சி6க்குத் திரும்பி, 6. டி5 வந்ததும் குதிரையை நகர்த்தாம மந்திரியை பி4ல வைக்கறது. நாம குதிரையை வெட்டினா அவங்க எஃப்6 குதிரையால இ4 சிப்பாயை வெட்டுவாங்க, காய் சமமாயிரும், ஆனா சி3ல நம்ம குதிரை மேல ரெண்டு காய் ஏறி நிக்கும். இதைக் கண்டுபிடிச்சு ஆடறவன் ஏற்கனவே படிச்சவன்னு அர்த்தம்.

எதிராளி குதிரையை வெட்டாமலே விட்டுட்டா?

அப்புறம் என்ன, ஒரு சிப்பாய் லாபம், நன்றி சொல்லிட்டு சாதாரணமா ஆடுங்க.

3வது மூவ்ல கறுப்பு வேற ஏதாவது ஆடினாலும் இதையே ஆடலாமா?

மந்திரி சி5 வந்தா தாராளமா, ரெண்டாவது கேள்வில சொன்னேன்ல, அது நியாயமான தந்திரம். டி6 வந்தா தொடவே தொடாதீங்க.

இதை நான் காசு கொடுக்காம கத்துக்கல. ஒரு நாள் இன்டர்நெட்ல புல்லட் (ஆளுக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷமே இருக்கற ஆட்டம்) ஆடிக்கிட்டு இருக்கேன், தொடர்ந்து நாலு ஆட்டம் ஜெயிச்ச திமிர், 3வது மூவ் போட்டதும் எதிராளி என்ன ஆடுவான்னு பார்க்காமலே குதிரை இ5ல வெட்டுன்னு பிரீமூவ் போட்டு வச்சுட்டேன். அவன் டி6 ஆடினான். என் குதிரை பாட்டுக்கு போய் இ5ல விழுந்துச்சு, டி சிப்பாயால அமைதியா வெட்டிட்டான். இப்ப டி4 போட்டா துரத்தறதுக்கு அங்க குதிரையே இல்ல, சிப்பாய்தான் நிக்குது. ஓப்பனிங்கே இல்லாத இடத்துல ஓப்பனிங் ஆடின ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன். இ4க்கு இ5 வராம வேற ஓப்பனிங் வந்தாலும் இது கிடையாது, அதனால இதை மட்டும் நம்பி உக்காந்துராதீங்க.

எந்த டைம் கன்ட்ரோல்ல ஆடலாம்?

பிளிட்ஸ், அதாவது ஒரு ஆளுக்கு மொத்தம் 10 நிமிஷமோ அதுக்குக் கம்மியோ இருக்கற ஆட்டம், இதுக்கு சரியான இடம். புல்லட்ல இன்னும் ஜாலி, ஆனா அங்க நமக்கே யோசிக்க நேரம் இருக்காது. பிளிட்ஸை விட நீளமான ரேப்பிட்ல எப்பவாவது. கிளாசிக்கல்ல நான் ஆட மாட்டேன், இருபது நிமிஷம் உக்காந்து யோசிச்சா அந்த டி5ஐ யாரா இருந்தாலும் கண்டுபிடிச்சிருவாங்க, அப்புறம் மூணு மணி நேரம் காய் குறைவா உக்காந்து அவஸ்தைப்படணும்.

நான் இப்பத்தான் கத்துக்கறேன், இதுல ஆரம்பிக்கலாமா?

ஆடிப் பாருங்க, ஆனா இதுலயே குடியிருக்காதீங்க. காய் கொடுத்து நேரம் வாங்கறதுன்னா என்ன, வெளிய வராத காய் எவ்வளவு பெரிய சுமைங்கறதெல்லாம் இது போல வேற எதுவும் சொல்லித் தராது. ஆனா எதிராளி தப்பு பண்ணுவான்னு எதிர்பார்த்தே ஆடற பழக்கம் ஒட்டிக்கும், அது ஒட்டினா சுலபமா போகாது. பக்கத்துலயே இட்டாலியனோ ஸ்காட்சோ ஒரு நேர்மையான ஓப்பனிங்கும் வச்சுக்கங்க. படிக்கற வரிசையும் முக்கியம், பொறிகளை முதல்ல படிக்காதீங்க, கறுப்போட சரியான பதிலைத்தான் முதல்ல படிக்கணும், ஏன்னா அங்கதான் நீங்க நிஜமா ஆடப் போறீங்க. பொறில விழுந்தவனை ஜெயிக்க பெருசா பயிற்சி வேண்டாம்.

பெரிய ஆளுங்க யாராவது இந்த மாதிரி கிறுக்குத்தனம் பண்ணியிருக்காங்களா

ஹாலோவீனை டாப் லெவல் டோர்னமென்ட்ல எதிர்பார்க்காதீங்க. ஆனா இதோட சொந்தக்கார ஓப்பனிங்ஸ் வந்திருக்கு. 1999ல லினாரஸ் டோர்னமென்ட்ல டோபலோவ் கிராம்னிக்குக்கு எதிரா கோக்ரேன் காம்பிட் ஆடினாரு, அதுலயும் 4வது மூவ்லயே குதிரையை எஃப்7ல கொடுக்கறதுதான், ரெண்டு சிப்பாய்க்கு ஒரு குதிரை, ஆட்டம் டிரா. 1980ல ஐரோப்பிய டீம் சாம்பியன்ஷிப்ல டோனி மைல்ஸ் உலக சாம்பியன் கார்போவ் இ4 ஆடினதும் பதில் மூவா ஏ6 ஆடி, அடுத்து பி5 தள்ளி, ஜெயிச்சே காட்டினாரு. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, மைல்ஸ் ஆடினது கோணலான ஓப்பனிங், காய் எதையும் இழக்கல. நாம ஆடறது கடன் வாங்கி ஆடறது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

ஃபிஷர் கதையும் சுவாரசியம். 1960ல ஸ்பாஸ்கிகிட்ட கிங்ஸ் காம்பிட்ல தோத்துட்டு, அடுத்த வருஷம் அந்த ஓப்பனிங்கே தோல்விதான்னு கட்டுரை எழுதினாரு, அப்புறம் 1963ல அவரே மந்திரி சி4 போட்டு அதை ஆடினாரு!

ஆட்டம் முடிஞ்சு இன்ஜின்ல போட்டா முதல் மூவ்லயே கேள்விக்குறி போடுது, மனசு கஷ்டமா இருக்கு

முதல் மூவ் இல்ல, நாலாவது. அந்த ஒரு கேள்விக்குறியை எல்லா ஆட்டத்துலயும் பார்க்கப் போறீங்க, அதைத் தாண்டிப் போய் 7வது மூவ்க்கு அப்புறம் உங்க மதிப்பெண் ஏறிச்சா இறங்கிச்சான்னு பாருங்க. கறுப்பு சறுக்கின இடத்துல அதைப் பயன்படுத்தினீங்களாங்கறதுதான் விஷயம். நான் பார்த்த வரைக்கும் என்னோட பெரிய தப்புகள் நாலாவது மூவ்ல இல்ல, பன்னெண்டு பதிமூணாவது மூவ்ல, மேல இருக்கும்போது அவசரப்பட்டு பண்ணினதுதான்.

இது ஏமாத்து வேலை மாதிரி இல்லையா? எதிராளியை மதிக்காம ஆடற மாதிரி

காய் எல்லாம் போர்டு மேலதான் இருக்கு, எதையும் ஒளிச்சு வைக்கல. அவங்களுக்கு ஒரு குதிரை இனாமா வேற கொடுத்திருக்கோம். ஜெயிச்சதுக்கு அப்புறம் சாட்ல போய் நக்கல் பண்ணினாதான் தப்பு. ரெண்டு பேரும் 2வது மூவ்லயே ராஜாவை வெளிய இழுத்து விளையாடி டிரா பண்ணின கூத்தெல்லாம் 2021ல கார்ல்சனும் நாகமுராவுமே பண்ணியாச்சு, அதுக்கு இது எவ்வளவோ மரியாதையான ஓப்பனிங்.

ஒரே ஆள்கிட்ட திரும்பத் திரும்ப ஆடினா வேலை செய்யுமா?

முதல் தடவை கண்டிப்பா ஆடிப்போவாங்க. ரெண்டாவது தடவை பாதி. மூணாவது தடவை அவன் வீட்டுல உக்காந்து பார்த்துட்டு வந்திருப்பான், டி5 செகண்ட்ல விழும். கிளப்ல தினமும் ஆடற நண்பன்கிட்ட இதை வருஷத்துக்கு ஒரு தடவை வெளிய எடுங்க போதும். டோர்னமென்ட்ல ஆடறவங்க, இன்டர்நெட்ல உங்க ஆட்டமெல்லாம் எல்லாராலயும் பார்க்க முடியும்ங்கறதையும் மறக்காதீங்க.

கறுப்புல ஆடும்போது இதே மாதிரி ஏதும் இருக்கா?

இருக்கு, அதுவும் கொஞ்சம் நல்லாவே. அதே நாலு குதிரை ஆட்டத்துல வெள்ளை 4. ஜி3 ஆடினா, கறுப்பு எஃப்6 குதிரையால இ4 சிப்பாயை வெட்டி, வெள்ளை குதிரை திருப்பி வெட்டினதும் டி5 தள்ளலாம். கண்ணாடியில பார்த்த ஹாலோவீன். ஜி3 தள்ளினதால எஃப்3 கட்டம் பலவீனமா இருக்கு, அதனால வெள்ளைல நாம ஆடறதை விட இதுக்கு நியாயம் அதிகம். ஒரு மூவ் பின்னாடி இருந்துகிட்டே இது நல்லா இருக்குங்கறதுதான் வேடிக்கை.

எதிராளி டி5 ஆடிட்டான், அப்புறமும் எல்லாம் சரியாவே ஆடறான், 15வது மூவ்ல ஒண்ணுமே இல்லாம நிக்கறேன், ரிசைன் பண்ணிரலாமா?

வேண்டாம். அந்த நேரத்துல செய்யக்கூடாத ஒரே விஷயம் காய்களை மாத்திக்கறது, அதுலயும் ராணியை மாத்தவே மாத்தாதீங்க, காய் அதிகமா வச்சிருக்கறவனுக்குத்தான் அது வசதி. அவன் மாத்தலாம்னு கேட்டு ராணியை முன்னாடி கொண்டு வருவான், ஒரு கட்டம் தள்ளிப் போயிருங்க. யானைகளை டி, இ வரிசைல வைங்க, எஃப் சிப்பாயைத் தள்ளி அவன் ராஜா பக்கம் எதையாவது திறக்கப் பாருங்க. இ5ல இருக்கற சிப்பாயை மட்டும் விட்டுறாதீங்க, எஃப்6க்கு அவன் குதிரை வர முடியாம தடுத்து வச்சிருக்கறது அதுதான்.

கடிகாரத்தையும் பாருங்க. பிளிட்ஸ்ல இந்த பொசிஷனுக்கு வர்றதுக்குள்ள அவன் உங்களை விட ஒரு நிமிஷம் அதிகமா செலவு பண்ணியிருப்பான், எல்லாத்தையும் சரியா ஆடணும்னா யோசிக்கத்தானே வேணும். காய்ல அவன் மேல, நேரத்துல நீங்க மேல. இ5 சிப்பாயும் விழுந்து ராணியும் மாறிருச்சுன்னா அப்ப ரிசைன் பண்ணுங்க, அடுத்த ஆட்டத்துல அவன் வெள்ளைல என்ன கிறுக்குத்தனம் பண்றான்னு பார்க்கலாம்.